தாழ வந்த பந்து

கலைச்செல்வி மேட்டில் நின்று கத்தினால் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனுக்கும் கேட்கும். கஹவத்தைக்கு மேலே இருக்கிற பலாக்கொல்லைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வயது நாற்பத்திரண்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. வாரத்தில் ஆறு நாள் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து 'நியூ ஸ்டார்' அணி எல்லே விளையாட இறங்கிவிட்டால் மட்டும் அவளுக்கு எங்கிருந்தோ வேறொரு தொண்டை வந்துவிடும்.

எல்லே பார்க்காதவர்களுக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அடிப்பவன் மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். வழியில் மூன்று நிறுத்தங்கள். சுற்றி வந்து சேர்ந்தால் ஒரு ரவுண்ட். குறித்த நேரத்துக்குள் யாருக்கு அதிக ரவுண்டோ அவர்களுக்கு வெற்றி. எதிரணி பந்தைப் பிடித்தாலும் அவுட், ஓடுகிறவன் முதுகில் பந்தை எறிந்து அடித்தாலும் அவுட். மூன்று பந்துக்குள் தடியில் படாவிட்டாலும் போய் உட்கார வேண்டியதுதான். இதில் பந்து போடுகிறவன் எதிரணி ஆள் இல்லை. அடிப்பவனின் சொந்த அணி ஆள்தான் அவனுக்கு வாகாகப் பந்து போட்டுக் கொடுக்கிறான். ஆகவே அடி தவறினால் குற்றம் யாருடையது என்று தூரத்தில் நிற்பவர்களுக்கு உடனே புரியாது. பெரும்பாலும் அடித்தவன் தலையில்தான் விழும்.

நியூ ஸ்டாருக்குப் பதினாலு வருஷமாகப் பந்து போடுகிறவர் யோகராஜ். கலைச்செல்வியின் புருஷன்.

அவள் பிறந்தது ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டமொன்றில். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் எல்லே அணிக்கு அவள்தான் பந்து போட்டாள். இருபத்தோரு வயதில் கல்யாணமாகிப் பலாக்கொல்லைக்கு வந்த முதல் மாதத்திலேயே யோகராஜ் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்ததும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற வெறுந்தரையில் அவர் போடுவார், அவள் தடியோடு நிற்பாள். நெஞ்சு உயரத்தில், கையை நீட்டினால் சரியாகத் தடியின் நடுவில் வந்து உட்காருகிற மாதிரி ஒரு பந்து. வாசலில் துணி காயப்போடுகிற பெண்கள் வேடிக்கை பார்த்துச் சிரிப்பார்கள். அந்தக் கை எப்படிப் போகும், எங்கே விடும், பந்து எவ்வளவு உயரத்தில் வரும் என்பது அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

அதனால்தான் அவளுக்கு முதலில் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், நிறைந்த பால் வாளியோடு இறக்கத்தில் வழுக்கி விழுந்தார் யோகராஜ். வாளியைக் கவிழ்க்காமல் இருக்க வலது கையை ஊன்றினார். தோளுக்குள்ளே என்னவோ 'டக்' என்றது. எழுந்து, வாளியைக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. தோள் போனவன் என்று தெரிந்தால் அவர் பேரில் இருக்கிற மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தார். பயம் பொய்யில்லை, அதற்கு முந்தின வருஷம் முதுகு பிடித்துக்கொண்ட ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. அன்றிலிருந்து, உயரத்தில் வெட்டு இருக்கிற மரங்களை விடியற்காலையில் கலைச்செல்விதான் அவருக்காக வெட்டினாள். பக்கத்து வரிசை அவளுடையது என்பதால் யாரும் கவனிக்கவில்லை. துணிக் கொடிக்கு எட்டாத கையை வீட்டுக்குள் மறைத்துவிடலாம். மைதானத்தில் எப்படி மறைப்பது?

மறைந்துதான் இருந்தது. நியூ ஸ்டார் வரிசையாகத் தோற்கத் தொடங்கியபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஓட ஆளில்லை, பையன்கள் பயிற்சிக்கு வருவதில்லை, தடி சரியில்லை, நேரம் சரியில்லை. ஒன்பதாவது தோல்வி மார்ச் மாதக் கடைசி ஞாயிறு வந்தது. கலவானைப் பக்கத்து அணியோடு. அவர்களுக்கு ஏழு ரவுண்ட், நமக்கு மூன்று.

அந்த மெட்சில் இந்திரகுமார் அடிக்க வந்தபோது நேரம் இன்னும் பாக்கி இருந்தது. சந்தியில் த்ரீவீலர் ஓட்டுகிற, இருபத்தைந்து வயதுப் பையன். அணியில் தூரமாக அடிக்கக்கூடியவன் அவன்தான். முதல் பந்து முழங்காலுக்குக் கீழே வந்தது. குனிந்து வீசினான், படவில்லை. இரண்டாவது அதைவிடத் தாழ்வு. மேட்டில் நின்ற கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. கலைச்செல்வி புருஷனின் கையைப் பார்த்தாள். அது தோளுக்கு மேலே போகவே இல்லை. பக்கத்தில் யாரோ, "யோகராஜ் அண்ணனுக்கு என்னா..." என்று ஆரம்பித்தார்கள்.

அவள் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"கண்ணு தெரியலயாடா குருடா! பந்தப் பாத்து அடிடா!"

கூட்டம் சிரித்தது. அந்த முணுமுணுப்பு அப்படியே திரும்பி இந்திரகுமார் பக்கம் போனது. மூன்றாவது பந்தும் தவறியது. "குருடா, குருடா" என்று பத்துப் பதினைந்து குரல்கள். அவன் தடியைக் கீழே வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் நடந்தான். யோகராஜ் மட்டும் ஒரு கணம் மேட்டை நிமிர்ந்து பார்த்தார்.

சந்தியில் கடை வைத்திருக்கிற முக்தார் நானா அந்த மூன்று பந்தையும் போனில் பிடித்திருந்தார். அணிக்கு ஜெர்சி வாங்கிக் கொடுக்கிறவர். தோற்றால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவர். ஆத்திரத்தில் அன்றைக்கே அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அடிக்கிறவனை மட்டுமே அவர் போன் பார்த்திருந்தது. பந்து போடுகிறவர் படத்துக்கு வெளியே. மறுநாளிலிருந்து இந்திரகுமாருக்குக் குருடன் என்றே பேராகிவிட்டது. "குருடன் ஓட்டுற வண்டியில ஏறாதீங்கடி" என்று சந்தியில் சிரித்தார்கள். நாலாம் நாள் அவன் த்ரீவீலரின் பக்கக் கண்ணாடியை யாரோ கல்லால் உடைத்திருந்தார்கள்.

அவன் அம்மா இருளாயி கலைச்செல்விக்கு அடுத்த வரிசையில் பால் வெட்டுகிறவள். கண்ணாடி உடைந்த மறுநாள் காலையில் அவள் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். வெட்டின இடத்திலிருந்து பால் சிரட்டையில் விழாமல் பட்டையோடு வழிந்துகொண்டிருந்தது. கலைச்செல்வி போய்ச் சிரட்டையைச் சரியாக வைத்தாள்.

"வண்டிய வித்துட்டு வெளிநாட்டுக்குப் போறானாம், கலை," என்றாள் இருளாயி. "சோறு திங்க மாட்டேங்குறான். கண்ணு டாக்டர்கிட்ட போய்க் காட்டிட்டு வந்தான், தெரியுமா? அவனுக்கே சந்தேகம் வந்துருச்சு. கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிப்புட்டாங்க."

கலைச்செல்வி தன் மரத்துக்குத் திரும்பினாள். கத்தி பட்டையில் ஆழமாக இறங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் மரத்தைக் காயப்படுத்தியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் கழகக் கூட்டம் என்று பழனியாண்டி அறிவித்திருந்தார். அவர்தான் தலைவர், தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு வருகிற கடைசி ஞாயிறு டவுன் மைதானத்தில் பெரிய போட்டி. பதினெட்டுப் பேரின் பட்டியலை முன்கூட்டியே கொடுக்கவேண்டும். இந்திரகுமார் பேரை வெட்டுவது என்று எல்லோரும் வெளியிலேயே பேசி முடித்துவிட்டார்கள். கூட்டம் சும்மா பேருக்கு.

சனிக்கிழமை காலை, மரங்களுக்கிடையில் அவள் புருஷனிடம் பேச்செடுத்தாள்.

"என்னாங்க. நாளைக்கு இந்திரன் பேர எடுக்கப் போறாங்க."

"எடுக்கட்டும். அடிக்கலதானே."

"அவன் அடிக்கலயா, பந்து போகலயா?"

யோகராஜின் கத்தி நின்றது. திரும்பவில்லை.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மூணும் முட்டிக்குக் கீழ வந்துச்சு. ஒங்க கை மேல போகலங்க."

"மெதுவாப் பேசு."

"பந்து போடுறத மட்டும் வேற ஆளுக்கு விட்டுருங்க. வயசாச்சு, முடியலன்னு சொல்லுங்க. தோளப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம்."

"நாப்பத்தாறு வயசுல என்னாடி வயசாச்சு? பதினாலு வருஷம் போட்டவன் திடீர்னு விட்டா ஏன்னு கேக்க மாட்டாங்களா? ஒருத்தன் கேட்டா போதும். கணக்கப்பிள்ளை காதுக்குப் போகும். அப்பறம் இந்த மரம்?" அவர் இடது கையால் வரிசையைக் காட்டினார். "வேலையத்து ஒக்காந்தா யாரு வந்து பாப்பா? அவனுக்கு வயசு இருக்கு. வண்டி இருக்கு. ரெண்டு மாசத்துல மறந்துருவாங்க."

"குருடன்னு பேரு வச்சது நானுங்க."

அவர் வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போனார். பத்தடி போனபிறகு திரும்பி, "நாளைக்கு அங்க நீ வாயத் தொறக்காத," என்றார். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

கூட்டம் பிள்ளை மடுவத்தில் நடந்தது. வேலை நாளில் அம்மாமார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும். இருந்ததெல்லாம் குழந்தைகளின் குட்டி நாற்காலிகள். நாற்பது ஆண்கள் முழங்கால் மோவாயில் இடிக்க அதில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரேயொரு பெரிய நாற்காலியில், தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற கணக்கப்பிள்ளை. கழகத்தை ஆதரிக்கிற போஷகர் அவர்தான். அவர் வருவார் என்று கலைச்செல்வி நினைக்கவில்லை. தேத்தண்ணி ஊற்ற வந்த நாலைந்து பெண்களோடு அவள் பின்சுவரை ஒட்டி நின்றாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

முக்தார் நானா எழுந்தார்.

"ஒன்பது மெட்ச். ஒன்பது! கடையில ஈக்கிற ஆக்கள் என்னையப் பாத்துச் சிரிக்கிற. நான் செல்றது இதுதான். இந்த வருஷம் மூணு பேர வெளியில இருந்து எடுங்க. ரத்னபுரையில நல்ல அடிகாரப் பொடியன்மார் நாலு பேர எனக்குத் தெரியும். நான் கூட்டி வாறன்."

"வெளியாளு வந்து செயிச்சா அது நம்ம டீமா?" பழனியாண்டி குரலை உயர்த்தினார். "தோத்தாலும் தோட்டத்துப் புள்ளைங்க தோக்கட்டும்."

"பழனி, ஒன்பது தடவ தோத்தாச்சே, இன்னும் எத்தின தடவ?"

"ஒரு வருஷம் போட்டிக்கே போகாம இருப்போம்," என்றார் ஒருவர். "வேணாம், சின்னப் பையன்களப் போட்டு அடுத்த வருஷத்துக்குத் தயார் பண்ணுவோம்," என்றார் இன்னொருவர். "ஒரு வருஷம் விட்டா மைதானத்துல மரம் நட்டுருவாங்க," என்று மூன்றாவது ஆள் கத்தினார். கணக்கப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி நாற்காலிகள் கிறீச்சிட்டன. இரண்டு பேர் எழுந்து ஒருவரையொருவர் விரல் நீட்டிப் பேசத் தொடங்க, நடுவில் போய் நின்று பிரித்தார்கள். எல்லாச் சத்தத்துக்கும் கீழே ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்து இல்லை: இந்திரகுமார் வேண்டாம்.

அவன் கதவோரம் நின்றிருந்தான். "நான் ஒண்ணு சொல்லவா?" என்றான். சத்தம் அடங்கியது.

"ஏம் பேர நீங்க வெட்ட வேணாம். நானே விட்டுக்கிறேன். என்னாலதான் தோத்தோம். யோகராஜ் மாமா எவ்வளவோ நல்லாத்தான் போட்டுக் குடுத்தாரு. எனக்குத்தான்... பந்து வர்ற எடம் புடிபடல."

யோகராஜ் தரையைப் பார்த்தார். பழனியாண்டி பேனாவை எடுத்துப் பட்டியலைக் குனிந்து பார்த்தார்.

"வெட்டாதீங்க," என்றாள் கலைச்செல்வி.

மைதானத்தில் கேட்கிற குரலில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள். கையில் தேத்தண்ணிக் கேத்தல் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"பந்து வர்ற எடம் அவனுக்குப் புடிபடாது. ஏன்னா பந்து அந்த எடத்துக்கு வரல. முக்தார் நானா, ஒங்க போன எடுத்துப் பாருங்க. அவன் மூஞ்சியப் பாக்காதீங்க. பந்தப் பாருங்க. மூணும் முட்டிக்குக் கீழ."

"இதென்ன தங்கச்சி, ஒங்கட மாப்புளயத்தானே செல்றீங்க?"

"அவரத்தான் சொல்றேன்." கேத்தலைத் தரையில் வைத்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் அவனக் குருடான்னு கத்துனேன். யாரும் அவரப் பாக்கக் கூடாதுன்னு கத்துனேன். அந்தப் பேர வச்சது நான். இந்தப் பையன் மேல ஒரு குத்தமும் இல்ல."

யாரோ பின்னால் சிரித்தார்கள். "வீட்டுச் சண்டையக் கொண்டாந்து மீட்டிங்ல போடுறாங்கப்பா." சிரிப்பு பரவியது. பழனியாண்டி மேசையைத் தட்டினார்.

"யோகராஜ். நீ சொல்லு."

யோகராஜ் மெல்ல எழுந்தார். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. "பந்தக் குடுங்க," என்றார்.

எல்லோரும் வெளியே முற்றத்துக்கு வந்தார்கள். தூறல் விழத் தொடங்கியிருந்தது. இந்திரகுமார் வேண்டாமென்றான், இழுத்துக்கொண்டுவந்து கையில் தடியைக் கொடுத்தார்கள்.

முதல் பந்து நெஞ்சு உயரத்தில் வந்தது. பழைய யோகராஜின் பந்து. இந்திரகுமார் வீசினான், அது மடுவத்துக் கூரையைத் தாண்டிப் பலா மரத்தில் போய் மோதியது. "ஓஹோ!" என்று கூட்டம் கத்தியது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. "நல்லாத்தானே போடுறாரு!" "இப்ப மட்டும் குருடனுக்குக் கண்ணு தெரியுதா?" "அப்ப வேணும்னுதான் அன்னிக்கு அடிக்காம விட்டியாடா?" ஒருவன் இந்திரகுமாரின் தோளைப் பிடித்துத் தள்ளினான். இருளாயி வேலியோரத்திலிருந்து ஓடிவந்தாள்.

புருஷனால் இரண்டு போட முடியும், மூன்று போட முடியும் என்பது கலைச்செல்விக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு போடுகிறார். வாயைத் திறந்து இன்னொரு வார்த்தை சொன்னால் அவரை எல்லோர் முன்னாலும் அவளே பிடித்துத் தள்ளுகிற மாதிரி. சொல்லாமல் விட்டால் அந்தப் பையன் இன்றைக்கு அடி வாங்குவான்.

"பத்துப் போடச் சொல்லுங்க," என்றாள். "மெட்ச்சுல பதினெட்டுப் பேருக்குப் போடுறாரு. பத்து போதும்."

நாலாவது பந்து இடுப்புக்கு வந்தது. ஐந்தாவதும். ஆறாவதைப் போடும்போது யோகராஜின் வாய் ஒருபக்கம் கோணியது. பந்து முழங்காலைத் தொட்டது. இந்திரகுமார் குனிந்து எப்படியோ தட்டினான். ஏழாவது அதற்கும் கீழே. எட்டாவது பந்து போகும் வழியிலேயே தரையில் விழுந்து உருண்டு இந்திரகுமாரின் காலடியில் நின்றது. யோகராஜ் ஒன்பதாவது தடவை போட அதைத் திரும்ப வாங்கினார். கை இடுப்பளவில் நின்றது. அதற்கு மேல் அதை உயர்த்த அவர் முயன்றதை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்க முடியாமல் சிலர் திரும்பிக்கொண்டார்கள்.

"போதும் மாமா," என்றான் இந்திரகுமார். தடியைப் போட்டுவிட்டு வந்து பந்தை வாங்கிக்கொண்டான்.

யோகராஜ் மழையிலேயே லயத்தைப் பார்த்து நடந்தார். கணக்கப்பிள்ளை குடையை விரித்தார். "எவ்வளவு நாளா?" என்று கலைச்செல்வியைக் கேட்டார். "ரெண்டு வருஷங்க ஐயா." அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அன்று முழுக்க அவளுக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலை, ஆட்கள் கூடுகிற பிரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது யோகராஜின் பேர் வரவில்லை. எல்லோரும் கத்தியும் வாளியுமாகக் கலைந்து போனார்கள். அவர் மட்டும் வாளியோடு நின்றார். கலைச்செல்வி ஐந்தாறு அடி தள்ளி நின்றாள். கணக்கப்பிள்ளை பேர் பதிகிற செக்ரோலை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் எழுதுன துண்டு வாங்கிட்டு வா. துண்டு இல்லாம நான் ஒண்ணும் செய்ய ஏலாது. மரத்த இப்போதைக்கு மாத்தல."

"இப்போதைக்கா ஐயா?"

"இப்போதைக்கு."

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், திருப்பச் சொன்னார். உள்ளே தசைநார் எப்போதோ கிழிந்து அப்படியே ஆறியிருக்கிறது என்றார். "அய்யே, மெச்சர கல் மொகத கரே?" என்று சிங்களத்தில் கேட்டார். இவ்வளவு காலம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது, பந்து இனி எப்போதும் கூடாது என்று துண்டில் எழுதினார். அதைப் பார்த்த கணக்கப்பிள்ளை அவரை ஸ்டோரில் ரப்பர் ஷீட் தரம் பிரிக்கிற வேலைக்கு அனுப்பினார், பழனியாண்டிக்குக் கீழே. உட்கார்ந்து செய்கிற வேலை. மூன்று மாதம் கழித்து மரம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, அப்போது பார்ப்போம் என்றுதான் சொன்னார்.

யோகராஜ் கலைச்செல்வியோடு பேசவில்லை. சண்டையும் இல்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டார், கழுவி வைத்தார், போனார். கொழும்பில் கார்மெண்டில் வேலை செய்கிற மகள் கோகிலா போன் எடுத்தால் அவளோடு மட்டும் பேசுவார். "ஏம்மா அப்பாவ அப்பிடி ஊருக்கு முன்னால..." என்று கோகிலா கேட்டாள். "அதுக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்றாள் கலைச்செல்வி. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். இருளாயியாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சிரட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னது இதுதான்: "ஒரு வாரம் எம்மவன் சோறு திங்கல. அத யாரு திருப்பித் தருவா?" கலைச்செல்விக்கு அது நியாயமாகவே பட்டது.

பட்டியலில் இந்திரகுமாரின் பேர் இருந்தது. பந்து போட ஆளில்லை. முக்தார் நானா தன் அண்ணன் மகன் ஷிராஸைக் கூட்டிவந்தார். பள்ளிக்கூட அணிக்குப் போட்டவன். கடையில் கணக்குப் பார்க்கிறான். மைதானத்தில் வைத்துப் பழனியாண்டி மறுபடியும், "வெளியாளு..." என்று ஆரம்பித்தார். முக்தார் நானா முகம் சிவந்துவிட்டது.

"ஆரு வெளியாள்? என்ட வாப்பா அந்தச் சந்தியில பொறந்தவரு. இவன் அங்கதான் பொறந்த. இந்த நாட்டுல ஒங்களையும் வெளியாள்னு செல்ற ஆக்கள் ஈக்கிறாங்களே பழனி, அப்ப ஒங்களுக்கு எப்பிடி ஈக்கும்?"

இரண்டு பேரும் அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்றுதான் கலைச்செல்வி நினைத்தாள். பழனியாண்டி கொஞ்ச நேரம் மைதானத்துக் கோட்டைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு பந்து ஒழுங்கா வந்தாப் போதும்," என்றான் இந்திரகுமார். பழனியாண்டி பட்டியலை எடுத்து, யோகராஜ் என்றிருந்ததன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஷிராஸ் என்று எழுதினார்.

போட்டி நாளில் தோட்டத்து லொறியில் எல்லோரும் போனார்கள். யோகராஜ் வரமாட்டார் என்றிருந்தாள். கிளம்பும் நேரத்தில் ஓடிவந்து இடது கையால் பிடித்து ஏறி முன்மூலையில் போய் நின்றுகொண்டார். மைதானத்தில் அவளைச் சுற்றி இரண்டு ஆள் இடம் விட்டே பெண்கள் உட்கார்ந்தார்கள். ஷிராஸ் கொஞ்சம் வேகமாகப் போட்டான். முதல் மூன்று பேருக்கும் பந்து பிடிபடவில்லை. கலைச்செல்வி விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இந்திரகுமார் போனான். இரண்டாவது பந்து தடியில் பட்ட சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. நிற்காமல் ஒரே ஓட்டத்தில் சுற்றி வந்தான். அந்த மெட்சில் ஐந்துக்கு நாலு என்று நியூ ஸ்டார் வென்றது, பத்தாவதில் கிடைத்த வெற்றி. முக்தார் நானா அழுதேவிட்டார். அடுத்த மெட்சில் கலவானைப் பக்கத்து அணியே எதிரே வந்தது. ஆறுக்கு ஐந்து. கடைசி நிமிஷத்தில் இரண்டாம் நிறுத்தத்துக்கு ஓடிய பையன் முதுகில் பந்தை வாங்கிக்கொண்டு விழுந்தான். நியூ ஸ்டார் ஒரு ரவுண்டில் தோற்றது, போட்டி அதோடு முடிந்தது.

திரும்பி வரும் லொறியில் முதல் வளைவு தாண்டுவதற்குள் சண்டை தொடங்கியது. ஷிராஸ் மெதுவாகப் போடவேண்டும் என்றார்கள், வேகம்தான் சரி என்றார்கள். அடுத்த வருஷம் யாரை எடுப்பது, யாரை விடுவது என்று முக்தார் நானாவும் பழனியாண்டியும் மூக்கோடு மூக்கு முட்ட நின்றார்கள். அந்தச் சத்தத்துக்கிடையில் முன்மூலையிலிருந்து யோகராஜ் பேசினார்.

"ஷிராஸ் போடுறது சரிதான். ஓடுறவனுங்கதான் சரியில்ல. ரெண்டாம் நிறுத்தத்துக்குப் போறவன் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓடுறான்."

யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. கலைச்செல்விக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அவன் பாக்காம ஓடுனா இன்னும் முன்னாலயே அடி வாங்கியிருப்பான். முதல் நிறுத்தத்துலயே நின்னுருக்கணும்."

"நின்னா நேரம் போயிரும்."

"இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருந்துச்சு. நான் பாத்தேன்."

"முக்கா நிமிஷம்."

"ஒரு நிமிஷங்க."

அவர் திரும்பினார். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். பார்வையில் கோபம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

"முக்கா நிமிஷம்னா முக்கா நிமிஷம்தான்," என்றார். "ஒனக்கு மணி பாக்கத் தெரியாது."

சந்தியில் லொறி நின்றபோதும் அவர்கள் அதை விடவில்லை. எல்லோரும் இறங்கி லயங்களுக்குப் பிரிந்து போன பிறகும், மேட்டுப் பாதையில் அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாக, ஒரு நிமிஷமா முக்கால் நிமிஷமா என்று பேசிக்கொண்டே ஏறினார்கள்.